சொல்லாமல் விற்ற பழைய மாடல்

2025-ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு நாள், தறிகளைப் பார்வையிடும் பொருட்டுத் திருப்புட்குழிக்குச் சென்றிருந்தேன். விஜயராகவப் பெருமாள் கோயிலுக்கு அணித்தேயுள்ள ஒரு தெருவில், நெசவாளர் சங்க அங்கத்தினர் ஒருவரின் வீட்டுத் திண்ணையோரம் சைக்கிள் ஒன்று நிறுத்தப்பட்டிருந்தது. வர்ணம் மங்கவில்லை, கம்பிகளில் துரு இல்லை, இருக்கையின் மேலிருந்த பிளாஸ்டிக் உறைகூட முழுதும் கிழிக்கப்படவில்லை. ஆயின், இரண்டு டயர்களின் பக்கங்களிலும், கோடையில் ஏரி மண் வெடிப்பது போல, மெல்லிய கீறல்கள் நெடுக ஓடியிருந்தன.

"வாங்கி எத்தனை காலம் ஆயிற்று?" என்று வினவினேன்.

"தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் வாங்கியது, ஐயா. மூன்று மாதம்கூட நிறையவில்லை" என்றார்.

அவருடைய மகன் காஞ்சிபுரத்தில் கல்லூரியில் படிக்கிறான். போக வரப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வீதம் மிதிக்க வேண்டும். கியர் வைத்த சைக்கிளாயின் எளிதாக இருக்கும் என்று பையன் விரும்பினான். சங்கத்தில் கிடைத்த போனஸும், சீட்டுப் பணத்தில் மிச்சமும் சேர்த்து, 14,560 ரூபாய் கொடுத்து வாங்கினார் தந்தை. குழித்தறியில் கால் வைத்துப் பல வாரம் உழைத்த கூலி அது. கடை வாசலில் 'புதிய வரவு' என்ற அட்டையின் கீழே வரிசையாய் நின்ற வண்டிகளில் அஃது ஒன்று. விலையைக் கேட்டார், நிறத்தைப் பார்த்தார், மணியை அடித்துப் பார்த்தார், பணத்தை எண்ணி வைத்தார். வேறொன்றும் கேட்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் சைக்கிள் வாங்கும் முறை இதுவே.

கீறலைக் கண்டதும் எனக்கு ஐயம் எழுந்தது. பையனைச் சைக்கிளைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். பின்சக்கரத்தின் அருகே, சங்கிலியை ஒரு பல்லிலிருந்து மற்றொரு பல்லுக்கு மாற்றும் உறுப்பு ஒன்று தொங்குகிறதன்றோ? அது ஜப்பான் தேசத்து ஷிமானோ கம்பெனியின் செய்பொருள். அக்கம்பெனி தன் உறுப்புகள் பலவற்றின் உட்புறத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பொறித்து வந்திருக்கிறது. முதல் எழுத்து ஆண்டு. இரண்டாவது எழுத்து மாதம். 1976-ஐ 'ஏ' என்று வைத்து ஆண்டுக்கு ஓர் எழுத்தாக எண்ணி வந்தனர். 2001-இல் 26 எழுத்துகளும் தீர்ந்துபோகவே, 2002-இல் மறுபடியும் 'ஏ'யிலிருந்து தொடங்கினர். மாதத்திற்கு ஜனவரி 'ஏ', பிப்ரவரி 'பி' என்று வரும். துணியால் அழுக்கைத் துடைத்துப் பார்த்தபோது 'யு', 'சி' என்று இரண்டு எழுத்துகள் தென்பட்டன. 'யு' என்பது 21-ஆவது எழுத்து, ஆகவே 2022. 'சி' மூன்றாவது எழுத்து. ஆகவே மார்ச்சு மாதம்.

இது உறுப்பு செய்த மாதமே தவிர, வண்டி செய்த மாதமன்று. கப்பலில் வந்து, தொழிற்சாலையில் சேர்ந்து, வண்டியில் பூட்டப்படச் சில மாதங்கள் ஆகியிருக்கலாம். அப்படிக் கணக்கிட்டாலும் அவ்வண்டி ஏறத்தாழ மூன்று ஆண்டு எங்கோ நின்றிருக்கிறது. பையன் தன் கைப்பேசியில் அந்தக் கம்பெனியின் பழைய விலைப்பட்டியலைத் தேடி எடுத்தான். வண்டியின் நிறமும் கைப்பிடியின் வளைவும் 2022-ஆம் ஆண்டுப் பட்டியலில் அப்படியே இருந்தன. பின்னர் வந்த மாடலில், அதே பெயருக்கு, பின்சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் வைத்திருந்தார்கள். இவர் வீட்டில் நிற்பதற்கோ பின்பக்கம் ரப்பர்க் கட்டை பிரேக்தான். புதிய மாடலின் விலையைக் கொடுத்துப் பழைய மாடலை வாங்கி வந்திருக்கிறார்!

நாட்பட்ட சைக்கிளில் கெடுவது எது, கெடாதது எது என்பதை இங்கே சற்று விரிவாகக் கூறுதல் நலம். வண்டியின் எலும்பாகிய எஃகுச் சட்டம் ஈரம் படாமல் இருந்தால் மூன்று ஆண்டில் எவ்விதக் கேடும் அடையாது. பல்சக்கரம், மிதிகட்டை, கைப்பிடி இவையும் அவ்வாறே. கெடுவது முதற்கண் ரப்பர். ரப்பர் பாலைக் கந்தகத்துடன் காய்ச்சி உறுதிப்படுத்தினாலும், காற்றிலுள்ள ஓசோன் அதன் மேற்பரப்பைத் தின்றுகொண்டே இருக்கும். இழுத்து நிற்கும் இடத்திலேதான் வெடிப்பு முதலில் காணும். டயரின் பக்கம் அத்தகைய இடம். இதைத் தடுக்கவே டயர் செய்வோர் ஒருவகை மெழுகைக் கலக்கிறார்கள். வண்டி ஓடும்போது டயர் நசுங்கி விரிவதால் அம்மெழுகு மேலே கசிந்து வந்து போர்வை போல் மூடிக் காக்கும். ஓடாமல் நிற்கும் வண்டியில் இது செவ்வனே நடைபெறுவதில்லை. ஆகவே, தினமும் ஓடும் டயரைவிடச் சும்மா நிற்கும் டயர் சில சமயம் முன்னதாகவே வெடித்துவிடுகிறது. அதிலும் காற்று இறங்கிய நிலையில், வெயில் படும்படி கடை வாசலில் நின்ற வண்டியானால் சொல்ல வேண்டியதில்லை. மடிந்த இடமே கீறலாகிவிடும்.

அடுத்தது பிரேக்கின் ரப்பர்க் கட்டை. அது நாளடைவில் இறுகிக் கல்லைப் போலாகிவிடும். பிடித்தால் சத்தம் போடும், வண்டி நிற்காது. மூன்றாவது, அச்சுகளிலுள்ள கிரீஸ். எண்ணெய் பிரிந்து மிச்சம் களிம்பாக இறுகிவிடுவதால், புதுவண்டி மிதிக்கக் கனமாக இருக்கும். சங்கிலியும் பிரேக் கம்பியும் நம் ஊர்க் காற்றில் துருவேறும். பழைய முறை வால்வாயின், அதிலுள்ள வால்வு ரப்பர்க் குழாய் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். இவை அனைத்தையும் மாற்றிச் செப்பனிட்டால் வண்டி மீண்டும் புதியதே. நாட்பட்டது என்ற ஒரு காரணத்தால் எந்தச் சைக்கிளும் தள்ளத்தக்கதாகிவிடாது. விலையிலே அதற்கேற்ற குறைவு காட்ட வேண்டும் என்பதே வழக்கு.

நிற்க. மறுநாள் காஞ்சிபுரத்தில் எனக்கு வேறு அலுவல் இருந்தமையால், அங்கத்தினருடன் அந்தக் கடைக்கும் சென்றேன். கடையின் பெயர் இங்கே வேண்டியதில்லை. கடைக்காரர் பண்பாகவே பேசினார். டயரைத் தடவிப் பார்த்தார். வண்டி பழைய இருப்பு என்பதை மறுக்கவுமில்லை.

"பழைய மாடல் என்று ஏன் சொல்லவில்லை?" என்று என்னுடன் வந்தவர் கேட்டார்.

"நீங்கள் கேட்கவில்லை, அண்ணே. நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே!" என்றார் கடைக்காரர்.

இந்த விடைதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. அது வெறும் சாக்கன்று. சட்டத்திலே அதற்கு ஒரு வேர் உண்டு. அந்த வேரைப் பற்றிச் சொல்லுமுன், நம் தந்தையர் காலத்தில் இக்கேள்வி ஏன் எழவில்லை என்பதையும் பார்த்துவிடுவோம்.

சென்னைக்கருகே அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தோன்றியது 1949-இல். அட்லஸ் 1951-இல் சோனிப்பட்டிலும், ஹீரோ 1956-இல் லூதியானாவிலும் தொடங்கின. அந்நாளில் இவர்கள் செய்து விற்ற பெரிய கறுப்புச் சைக்கிள், பல ஆண்டுகள் சென்றும் உருமாறவில்லை. ஓர் ஆண்டில் செய்ததற்கும் ஐந்து ஆண்டு கழித்துச் செய்ததற்கும் கடைக்காரரே வேற்றுமை காணமாட்டார். உதிரி உறுப்பு எந்தக் கடையிலும் கிடைக்கும். எனவே, 'எந்த ஆண்டு மாடல்?' என்ற வினாவுக்கே பொருள் இல்லாதிருந்தது. ஆண்டுதோறும் உருவை மாற்றி, சென்ற ஆண்டுப் பொருளைப் பழையதாக்கும் வழக்கம் அமெரிக்க மோட்டார்த் தொழிலில் 1920-களில் வேரூன்றியது. ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்பிரட் ஸ்லோன் அதைப் பெரும் வியாபார முறையாக்கினார். கியர் சைக்கிள்களின் வழியாக அவ்வழக்கம் நம் தெருவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வாங்கும் நாமோ கறுப்புச் சைக்கிள் காலத்து நம்பிக்கையுடனேயே கடைக்குப் போகிறோம்.

இன்னொன்றும் உண்டு. 2020-இல் கொரோனா நோய் பரவியபோது பஸ்ஸுக்கு அஞ்சியும், உடற்பயிற்சி வேண்டியும், உலகெங்கும் மக்கள் சைக்கிளை நாடினர். கடைகளில் வண்டி கிடைக்கவில்லை. கம்பெனிகளும் கடைகளும் மிகுதியாக ஆர்டர் கொடுத்தன. சரக்கு வந்து சேர்ந்த 2022, 2023-ஆம் ஆண்டுகளில் தேவை இறங்கிவிட்டது. பல நாடுகளில் கிடங்கு நிறைய வண்டிகள் தேங்கின. நம் அங்கத்தினர் வாங்கியது அக்காலத்து வண்டியே. கடைக்காரரின் முதலும் அதில் முடங்கிக் கிடந்திருக்கும் என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும், அவருடைய முடக்கத்தை ஒரு நெசவாளியின் போனஸ் பணத்தால் தீர்த்துக்கொள்வது முறையாகுமா?

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, மோசடி எது என்று கூறுகிறது. அறிந்த ஓர் உண்மையை முனைந்து மறைத்தல் மோசடி. ஆனால் வாய் பேசாது இருத்தல் மட்டும், பேச வேண்டிய கடமை இருந்தாலன்றி, மோசடி ஆகாது. இதை விளக்கச் சட்டத்தை வகுத்தவர்கள் ஒரு குதிரையைக் கொண்டு வருகிறார்கள். ஒருவன் ஏலத்தில் குதிரை விற்கிறான். குதிரைக்குக் குறை உண்டு என்பது அவனுக்குத் தெரியும், ஒன்றும் சொல்லவில்லை. இது மோசடியன்று. நம் கடைக்காரர் நின்றுகொண்டிருக்கும் இடம் இதுதான்!

அடுத்து, அதே குதிரையை வயது வந்த தன் மகளுக்கு விற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இப்போது குறையைச் சொல்லுவது அவன் கடமை; உறவு அதை வேண்டுகிறது. மூன்றாவதாக ஒரு நிலை. வாங்குபவன் விற்பவனைப் பார்த்து, 'நீ மறுக்காவிட்டால் இக்குதிரை குறையற்றது என்று கொள்வேன்' என்கிறான். விற்பவன் மௌனமாக இருக்கிறான். அந்த மௌனம் பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம். 150 ஆண்டுக்கு மேற்பட்ட இந்த உதாரணத்தில் நமக்கு வேண்டிய வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது. கடையில் நின்று, 'இஃது இந்த ஆண்டு மாடல்தானே? அப்படியென்றே எண்ணித்தான் வாங்குகிறேன்' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். பக்கத்தில் இன்னொருவர் கேட்டிருக்கச் சொல்லியிருந்தால் மேலும் நன்று. அதன் பிறகு கடைக்காரர் பேசாதிருந்தாலும் பேசியதாகவே ஆகும்.

19-ஆவது பிரிவில் ஒரு முட்டுக்கட்டையும் உண்டு. மௌனத்தால் விளைந்த மோசடியாயினும், வாங்குபவர் சாதாரண விழிப்புடன் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்குமானால், ஒப்பந்தத்தைத் தள்ளிவிட இயலாது. டயரில் கண்ணுக்குத் தெரியும்படி கீறல் இருந்து, பாராமல் வாங்கினால், பிறகு இந்தச் சட்டத்தின் கீழ் வாதிப்பது கடினம்.

இஃது இவ்வாறிருக்க, வாங்குவோருக்குத் துணையாக 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. மறுசீரமைத்த, கைமாறிய அல்லது பழைய பொருளைப் புதியது என்று பொய்யாகக் காட்டுவது முறையற்ற வியாபாரம் என்று அது கூறுகிறது. காட்டுதல் என்பது வாயால் சொல்லுதலாகவோ எழுத்தாகவோ மட்டும் இருக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தோன்றும்படி காட்டினாலும் அதில் அடங்கும். 'புதிய வரவு' என்ற அட்டையின் கீழே மூன்று ஆண்டு நின்ற வண்டியை நிறுத்துவது எதில் சேரும்? ஒருவரும் ஏறாத வண்டியைப் 'பழைய பொருள்' என்று சொல்லலாமா என்று எதிர்த்தரப்பு வாதிக்கக்கூடும். அவ்வாதத்தில் ஓரளவு வலுவும் உண்டு. ஆனால் அந்த அட்டை கடைக்காரருக்கு மாறாகவே பேசும் என்பது என் கருத்து. கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை என்பது மெய். அவருடைய அட்டை சொல்லிற்று.

கோவாவில் எழுந்த ஒரு கார் வழக்கு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 2011-ஆம் ஆண்டு மாடல் என்று முழு விலை கொடுத்தவருக்கு, 622 கிலோமீட்டர் ஓடியிருந்த 2009-ஆம் ஆண்டு மாடல் வண்டி தரப்பட்டது. வழக்கு மாவட்ட மன்றத்திலிருந்து படிப்படியாக ஏறி, டாடா மோட்டார்ஸ் கம்பெனியின் மேல்முறையீடாக உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. டீலர் செய்த செயல் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது என்று நிறுவப்படாமையால், 2021 பிப்ரவரியில் கம்பெனியைப் பொறுப்பிலிருந்து நீதிமன்றம் விடுவித்தது. டீலரின் பொறுப்பு நீங்கவில்லை. இதிலிருந்து நாம் அறிய வேண்டியது, வண்டியின் மேல் எழுதியுள்ள பெரிய பெயரைவிட, ரசீது கொடுக்கும் கடையே நமக்கு முக்கியம் என்பது. காருக்காவது பதிவு எண்ணும் பதிவுப் புத்தகமும் உண்டு. அவற்றில் செய்த மாதமும் ஆண்டும் இருக்கும். சைக்கிளுக்கு அதுவும் இல்லை. ஒரு காலத்தில் நகராட்சியும் பஞ்சாயத்தும் வரி வாங்கிக்கொண்டு கொடுத்த வில்லைகூட மறைந்துவிட்டது. ஆகவே சைக்கிளுக்கு ரசீதே ஜாதகம்.

அந்த ஜாதகம் நம் அங்கத்தினரிடம் இருந்ததா? சட்டைப்பையிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த காகிதத்தின் தலையில் 'எஸ்டிமேட்' என்று அச்சிட்டிருந்தது. கீழே 'சைக்கிள் 1 – 14,560' என்ற ஒரே வரி. கடையின் வரிப் பதிவு எண் இல்லை, மாடல் இல்லை, சட்டத்தில் பொறித்த எண் இல்லை. இது ரசீதே அன்று, மதிப்பீட்டுச் சீட்டு. நம் கடைத்தெருக்களில் இச்சீட்டைக் கொடுத்து அனுப்பும் வழக்கம் பெருகிவிட்டது. முறையான ரசீது கொடாதிருப்பதும் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி முறையற்ற வியாபாரமே என்பது பலருக்குத் தெரியாது.

தொகையையும் சற்றுக் கவனித்தேன். 14,560 என்பது 13,000 ரூபாய்க்கு 12 விழுக்காடு வரி சேர்த்த கணக்கு. சைக்கிளுக்குரிய சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இவர் வாங்கியதோ அக்டோபரில். அதே 13,000 ரூபாய்க்கு 5 விழுக்காடு சேர்த்தால் 13,650 ஆகிறது. வேற்றுமை 910 ரூபாய். கைப்பிடியில் தொங்கிய விலைச் சீட்டு வரி குறையுமுன் அச்சிட்டது என்பதும் இதனால் வெளிப்பட்டது. சீட்டைப் பார்க்கத் தெரிந்திருந்தால், வண்டி பழைய இருப்பு என்பதை அதுவே அன்று சொல்லியிருக்கும்.

வரிக் கணக்கை நான் சொல்லி முடித்தபின் கடைக்காரரின் குரல் தணிந்தது. வெகுநேரப் பேச்சுக்குப் பிறகு, இரண்டு டயர், இரண்டு டியூப், பிரேக் கட்டைகள் எல்லாம் தம் செலவில் மாற்றிக் கொடுப்பதாகவும், அச்சுகளைப் பிரித்துப் புதுக் கிரீஸ் இட்டுத் தருவதாகவும், 1,500 ரூபாய் திருப்பித் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். முறையான ரசீதும் எழுதினார். என் எண்ணத்தில் இது போதாது. இரண்டு மாடல்களுக்கும் உள்ள வேற்றுமைக்கு இன்னும் ஆயிரமாவது குறைத்திருக்க வேண்டும். "மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்கு எழுதலாமே" என்று அங்கத்தினரிடம் சொல்லவும் செய்தேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம், குறை தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை காலம் உண்டு. 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் முறையிடவும் வழியுண்டு.

அவர் சிரித்தார். "ஐயா, தறியை விட்டு ஒரு நாள் எழுந்தால் ஒரு நாள் கூலி போகும். நாலு நாள் அலைந்தால் நீங்கள் சொல்லும் ஆயிரம் அதிலேயே தீர்ந்துவிடும்" என்றார். சட்டம் அறிந்த எனக்கு இக்கணக்கிற்கு விடை சொல்லத் தெரியவில்லை. ஆகையால்தான் வாங்குமுன் செலவழிக்கும் கால்மணி நேரத்தைப் பற்றி வற்புறுத்தி எழுதுகிறேன்.

சைக்கிள்கள் தொழிற்சாலையிலிருந்து பாதி பிரித்த நிலையில் அட்டைப் பெட்டியில் வந்து, கடையிலேதான் பூட்டப்படுகின்றன. நம் வண்டி வந்த பெட்டியைக் காட்டச் சொல்லலாம். அதன் மேல் ஒட்டிய சீட்டில் மாடலின் பெயரும் பெரும்பாலும் செய்த மாதமும் இருக்கும். பெட்டி இல்லையென்றால் அதுவே ஒரு செய்தி. டயரைக் கட்டைவிரலால் அழுத்தி வளைத்துப் பக்கத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நேராக இருக்கையில் தெரியாத கீறல் வளைத்தால் வாய் திறக்கும். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் கிரீஸின் நிலை விளங்கும். கியர் உறுப்பின் எழுத்தை முன்னர்ச் சொன்னேன். எல்லா வண்டியிலும் அது கிடையாது. மிதிகட்டை அச்சுக்கு அடியிலோ இருக்கைத் தண்டிலோ பொறித்திருக்கும் எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். இதற்குப் பிறகு கேள்வியைக் கேட்டு, விடையை ரசீதில் எழுதச் சொல்ல வேண்டும்: 'இன்ன கம்பெனி, இன்ன மாடல், இன்ன ஆண்டு, சட்ட எண் இன்னது.' எழுத மறுப்பவர் கையில் பணத்தைக் கொடாதிருக்க நமக்கு உரிமை உண்டு. 'பழைய இருப்புத்தான், விலை குறைத்துத் தருகிறேன்' என்று வெளிப்படையாகச் சொல்பவரிடம் தயங்காமல் வாங்கலாம். நானே அப்படி வாங்கிய சைக்கிளில்தான் சில காலம் சங்கம் சங்கமாகச் சென்று வந்தேன். ரப்பர்ச் சாமான்களை மட்டும் முதல் நாளே மாற்றிக்கொண்டேன்.

கடைக்காரரைச் சொல்லிவிட்டு நம் வீட்டைப் பாராதிருத்தல் ஆகாது. சங்கங்களைத் தணிக்கை செய்யும்போது நான் முதலில் திறப்பது இருப்புப் பதிவேட்டை. எந்தச் சேலை எந்த மாதம் தறியிலிருந்து இறங்கியது என்பது அதில் இருக்க வேண்டும். நாட்பட்ட சேலைகளைத் தனியே பிரித்து, அடக்க விலை, இன்று விலைபோகக் கூடிய தொகை, இரண்டில் எது குறைவோ அதற்கே மதிப்பிட வேண்டும் என்பது கணக்கின் விதி. சில இடங்களில் பழைய இருப்பைப் புதியதுடன் கலந்து அடுக்கி முழு மதிப்புக் காட்டியிருப்பார்கள். கேட்டால், 'பட்டு கெட்டுப்போகுமா?' என்பார்கள். மடித்த மடிப்பிலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்த பட்டு மடிப்பில் இறும், சரிகை கறுக்கும். இதை நெசவாளிக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தள்ளுபடி விற்பனை என்று அறிவித்து, பழையது என்று சொல்லி, குறைந்த விலைக்கு விற்பதே நேரிய வழி.

பயிர் செய்யும் அன்பர்களுக்கும் இவ்விஷயம் புதிதன்று. சான்று பெற்ற விதையின் மூட்டையில் பரிசோதித்த தேதியும் காலாவதித் தேதியும் கொண்ட அட்டை தைத்திருக்கும். பரிசோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம் அது செல்லும். வறுத்த பயறும் முளைத்த தலம் என்று திருப்புட்குழியைப் போற்றுகிறோம். அது மரகதவல்லித் தாயாரின் அருள். தேதி கடந்த விதை மூட்டைக்கு அந்த அருளை எதிர்பார்த்தல் தகாது.

1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் கூட்டுறவுக் கடை திறந்த 28 பேரில் நெசவாளர் பலர் இருந்தனர். சரியான எடை, கலப்படமில்லாத சரக்கு என்ற இரண்டையும் அவர்கள் தங்கள் கடையின் விதியாக வைத்துக்கொண்டனர். 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய கூட்டுறவுப் பண்டகசாலையும் அவர்கள் வழியைப் பின்பற்றியதே. குதிரை விற்ற தந்தைக்கு மகளிடம் உள்ள கடமையைப் பற்றிச் சொன்னேன். சங்கத்திற்கும் அங்கத்தினருக்கும் உள்ள உறவு அத்தகையது என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. அப்படி எண்ணி நடக்க எந்த விதியும் தடையாக இல்லை. பண்டகசாலை நடத்தும் சங்கங்கள் நாட்பட்ட சாமான்களின் மேல் வந்த மாதத்தை எழுதி ஒட்டினால் செலவு ஒரு பேனாவுக்கு மேல் ஆகாது.

திரும்பும் வழியில் அங்கத்தினர், பஸ்ஸுக்காக நிற்கையில், தமக்குள் பேசுவதுபோல ஒன்று சொன்னார்: "பழைய கோறாவில் நெய்த சேலையைப் புதியது என்று நான் சங்கத்தில் கொடுத்தால், நீங்கள் என்னை விடுவீர்களா, ஐயா?" விடமாட்டேன் என்றேன்.

பொங்கலுக்குப் பின் மறுபடியும் அத்தெரு வழியே போக நேர்ந்தது. புது டயர் பூட்டிய அந்தச் சைக்கிளில் பையன் கல்லூரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். பின்பிரேக் இன்னும் கொஞ்சம் சத்தம் போடுகிறது என்றான். ரசீதைத் தகப்பனார் சங்கப் பாஸ் புத்தகத்துக்குள் வைத்து மடித்துப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாராம்.